குறைமாதக் குழந்தைக்கு பிசியோ: ‘ஸ்டிமுலேஷன் கொடுக்கவும்’ என்று ரெஃபரல் வந்தால் எங்கே தொடங்குவது?

புதுபிசியோ:
கேஸ் ஷீட்டில் வருவது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘எர்லி ஸ்டிமுலேஷன் கொடுக்கவும்’, அதாவது வளர்ச்சியைத் தூண்டும் பயிற்சி. பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரிக் குழந்தையை வைத்துக்கொள்வோம். 29 வாரத்தில் பிறந்தது, எடை 1,120 கிராம். இன்று பத்தாம் நாள், ஆக கர்ப்பக் கணக்கில் 30 வாரம் 3 நாள். பபிள் சிபாப் (மூக்கு வழியாக விடாமல் அழுத்தக் காற்று), ஆக்சிஜன் 25 சதவீதம், வாய்வழிக் குழாயில் இரண்டு மணிக்கு ஒருமுறை தாய்ப்பால். மூச்சைத் தூண்ட காஃபின் போகிறது. நாளைக்கு மூன்று நான்கு முறை மூச்சு நிற்கிறது, பாதத்தைத் தட்டினால் திரும்பிவிடுகிறது.

பல வார்டுகளில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். எல்லா மூட்டும் பத்துப் பத்து முறை, உடம்பு தடவல் 10 நிமிடம், கிலுகிலுப்பை, சிவப்புப் பந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அந்தத் தாளில் எதையெல்லாம் இந்தக் குழந்தைக்குச் செய்யலாம்?

கோவைபிசியோ:
எதையும் வேண்டாம். அந்தத் தாள் டியூ டேட் தாண்டி வீட்டுக்குப் போன குழந்தைக்கு எழுதியது. 30 வாரக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது சிகிச்சையில் சேராது, வார்டு இரைச்சலில்தான் சேரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் என்ஐசியூவுக்கு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) சொல்லும் ஒலி வரம்பே 45 டெசிபல். இன்குபேட்டர் ஜன்னலைப் பட்டென்று சாத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

28 வாரத்தில் குழந்தை துவண்ட துணி மாதிரி கிடக்கும். மடக்கும் வலு காலிலிருந்து மேலே ஏறி வரும்: ஏறக்குறைய 32 வாரத்தில் இடுப்பும் முட்டியும் மடங்கத் தொடங்கும், 36-இல் கை மடங்கும், 40-இல் முழுசாகச் சுருண்டு கிடக்கும். கர்ப்பப்பைக்குள் இருந்திருந்தால் அதன் சுவரே இந்த மடக்கலைக் கொடுத்திருக்கும். மெத்தையில் அது கிடையாது. புவியீர்ப்பு கையைத் தலைக்கு இருபுறமும் விரித்துப் போடும், காலை இருபுறமும் மெத்தையில் படிய அகட்டிவிடும், தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எட்டு வாரம் இப்படியே கிடந்தால் தோள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், கழுத்து பின்பக்கம் வளையும். திருத்திய வயது (டியூ டேட்டிலிருந்து எண்ணும் வயது) நான்கு மாதத்தில் கை வாய்க்கு வராது, இரண்டு கையும் நடுவில் சேராது. அதைப் பார்த்து ‘டோன் (தசை விறைப்பு) அதிகம்’ என்று எழுதுவோம். அதில் ஒரு பங்கு மூளையால் வந்தது அல்ல, நாம் படுக்கவைத்த விதத்தால் வந்தது.

ஆகவே இந்தக் குழந்தைக்கு முதல் மருந்துச் சீட்டு ‘கூடு’. சொந்தமாக வாங்கும் நெஸ்ட் எதுவும் தேவையில்லை. துவைத்து ஆட்டோகிளேவ் செய்த இரண்டு பருத்தித் துண்டு, ஒரு மெல்லிய விரிப்பு போதும். துண்டை நீளவாக்கில் இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு கிலோ குழந்தைக்குச் சுருள் 5 செ.மீ. கனம் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ‘ப’ மாதிரி வளைத்து, மூடிய பக்கம் கால்பக்கம் வரட்டும். விரிப்பை மேலே போட்டு ஓரங்களை மெத்தைக்கடியில் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் சுருள் பிரிந்துவிடும். குழந்தையை உள்ளே வைத்ததும் பாதம் சுருளைத் தொட வேண்டும். உதைக்க ஒரு சுவர் வேண்டும், அதுதான் கூட்டின் உயிர். தோளுக்குப் பின்னால் சுருள் லேசாக முட்டுக்கொடுத்து கையை முன்னுக்குத் தள்ள வேண்டும்.

வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பாருங்கள். கை தானாக முகத்துக்கு வருகிறதா? கால் சுருளுக்கு மேல் ஏறித் தொங்கினால் சுருள் தாழ்வு. முட்டி இருபுறமும் மெத்தையில் படிந்திருந்தால் கூடு அகலம். கை கால் அசையவே இடமில்லை என்றால் இறுக்கம். இறுகக் கட்டிப்போடுவது கூடு அல்ல.

இரவுசிஸ்டர்:
மேலே சொன்னது சரி. ஆனால் கூடு கட்டிய பிறகு வார்மரில் (சூடு கொடுக்கும் படுக்கை) என்ன கெடும் என்பதையும் எழுத வேண்டும், பிசியோ கிளம்பிப் போன பிறகு அலாரம் அடிப்பது எங்களிடம்.

ஒன்று, தோல் வெப்பத்தை அளக்கும் ப்ரோப். கூட்டில் திருப்பிப் படுக்கவைக்கும்போது ப்ரோப் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அடியில் சூடு அதிகம் என்பதால் வார்மர் ‘குழந்தை சூடாக இருக்கிறது’ என்று நினைத்து ஹீட்டரைக் குறைக்கும், குழந்தை ஜில்லிட்டுப் போகும். ப்ரோப் கழன்று காற்றில் தொங்கினால் நேர் எதிர், குழந்தை வெந்துபோகும். மல்லாக்கப் படுத்தால் ப்ரோப் வலது மேல்வயிற்றில், குப்புறப் படுத்தால் விலாப்பக்கம் முதுகில். அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி இருக்கிறதா என்று கையால் ஒருமுறை அளந்துவிட்டு நகருங்கள்.

இரண்டு, சிபாப் குழாயின் கனம். குழாயை மெத்தையில் தாங்கிக் கட்டாவிட்டால் தலையைப் பின்னுக்கு இழுக்கும், நீங்கள் போட்ட கூடு முழுதும் வீண். பிராங்கும் (மூக்கில் செருகும் சிபாப் முனை) மூக்குத்தண்டும் ஒட்டக்கூடாது, இடையில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். தோளுக்கடியில் வைக்கும் சுருட்டு ஒன்று இரண்டு செ.மீ. போதும். அதைக் கழுத்துக்கடியில் வைத்தால் தாடை தூக்கி மூச்சுக்குழல் நீண்டு கெடும்.

மூன்று, பிறந்த முதல் 72 மணி நேரம். மூளைக்குள் ரத்தக்கசிவு பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான். அப்போது தலை நடுக்கோட்டில், தலைமாடு 15 முதல் 30 டிகிரி உயரம். டயபர் மாற்ற இரண்டு காலையும் பிடித்துத் தூக்கக்கூடாது, இடுப்பைப் பக்கவாட்டில் உருட்டித்தான் மாற்ற வேண்டும். அந்த மூன்று நாளில் பிசியோ எட்டிப் பார்க்கலாம், தொட வேண்டாம் :)

பழையகை:
//முதல் மருந்துச் சீட்டு கூடு//

பொசிஷன் வைப்பது நர்சிங் வேலை. எல்லாவற்றையும் ‘தொடாதே’ என்றால் எங்கள் துறை எதற்கு? அசைவில்லாமல் கிடக்கும் குழந்தைக்கு எலும்பில் கால்சியம் சேராது. மூட்டசைவுப் பயிற்சியால் எடையும் எலும்பு வலுவும் கூடும் என்று ஆய்வு இருக்கிறது. மசாஜுக்கும் இருக்கிறது. 1986-இல் டிஃபனி ஃபீல்டு குழு காட்டியது, நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதல் எடை, ஆறு நாள் முன்னதாக டிஸ்சார்ஜ். சளி கட்டினால் நெஞ்சைத் தட்டிவிடுவதும் நம் வேலைதான்.

கோவைபிசியோ:
பழையகை சார், மூன்றையும் தனித்தனியாக எடுக்கிறேன்.

மசாஜ். ஃபீல்டு ஆய்வில் எடுத்தது தீவிர சிகிச்சையைக் கடந்து எடை ஏறும் கட்டத்தில் இருந்த, நிலைப்பட்ட குழந்தைகளை. 15 நிமிடம், நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள். முதல் ஐந்து நிமிடம் குப்புறப் போட்டுத் தடவல், நடு ஐந்து நிமிடம் மல்லாக்கப் போட்டு கைகால் மடக்கி நீட்டல், கடைசி ஐந்து மறுபடி தடவல். தடவல் என்றால் மிதமான அழுத்தம். மயிலிறகு மாதிரி வருடினால் குழந்தைக்குக் கூச்சம், கை கால் உதறும். சிபாப்பில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு அந்த 47 சதவீதத்தை எடுத்து ஒட்ட முடியாது.

மூட்டசைவு. ஒவ்வொரு மூட்டையும் ஐந்து முறை மெல்ல மடக்கி நீட்டி, கடைசியில் லேசான அமுக்கம், நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். எலும்புக் கனத்தில் குறுகிய காலப் பலன் உண்டு, எல்லாருக்கும் வழக்கமாகச் செய் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. முழுப் பாலுக்கு வந்து, மூச்சு நிலைப்பட்டு, எடை ஏறும்போது பார்க்கலாம். அதற்கு முன் ரத்தத்தில் பாஸ்பேட்டும், எலும்பு வலுவிழப்பைக் காட்டும் அல்கலைன் பாஸ்படேஸும் பார்த்தீர்களா? பாஸ்பேட் குறைந்து மற்றது ஏறிக்கொண்டே போனால் எலும்பு சுண்ணாம்பு இல்லாத சுவர். நீட்டினால் தொடை எலும்பு முறியும், விலா எலும்பு முறிந்ததே எக்ஸ்ரே எடுக்கும்வரை தெரியாது. அந்தக் குழந்தைக்குத் தேவை பாஸ்பேட், கால்சியம், டி விட்டமின், எக்சர்சைஸ் அல்ல.

நெஞ்சைத் தட்டல். இதில் சமரசம் கிடையாது. 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 24 முதல் 27 வாரக் குழந்தைகள் 13 பேருக்கு ஒரு வினோதமான மூளைச் சேதம் கண்டார்கள். பின்னோக்கி ஆராய்ந்ததில், அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக நெஞ்சுத் தட்டல் நடந்திருந்தது. தட்டும்போது தலை அசைந்ததே காரணமாக இருக்கலாம் என்று 1998-இல் கட்டுரை வந்தது. அங்கே அதை நிறுத்திய பிறகு அந்தச் சேதம் தென்படவில்லை. பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, ஈரப்பதமுள்ள காற்று, தேவைப்பட்டால் மட்டும், மூச்சுக்குழாயில் வைத்த குழாயின் நீளத்துக்கு மேல் போகாமல் சக்ஷன் (சளி உறிஞ்சல்). அவ்வளவுதான்.

நர்சிங் வேலையா பிசியோ வேலையா என்ற கேள்விக்கு: ஷிஃப்ட் முழுக்கப் பார்ப்பது சிஸ்டர்கள். எந்தக் குழந்தைக்குத் தோள் இழுக்கிறது, எதற்குத் தலை தட்டையாகிறது, எப்போது கூட்டைத் தளர்த்தலாம் என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்து எழுதிக்கொடுப்பது பிசியோ. அது சின்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

பழையகை:
தட்டல் விஷயம் ஏற்கிறேன். எலும்பு விஷயத்தில் எடை ஏறும் கட்டம் வரை காத்திருக்கவும் தயார். ஆனால் 34 வாரத்திலும் ‘தொடாதே’ போர்டு தொங்குவதைப் பார்த்துதான் சொன்னேன்.

கோவைபிசியோ:
அதில் உடன்படுகிறேன். 34-இல் தொடாமல் விடுவதும் தவறுதான்.

புதுபிசியோ:
தொடலாமா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவெடுப்பது? வாரக் கணக்கா, மானிட்டரா?

இரவுசிஸ்டர்:
இரண்டுக்கும் முன்னால் குழந்தையின் கையைப் பாருங்கள். விரல்களை விசிறி மாதிரி விரிப்பது, உள்ளங்கையை ‘நில்’ என்று முகத்துக்கு நேரே நீட்டுவது, காலை அந்தரத்தில் நீட்டி விறைப்பது, கொட்டாவி, விக்கல், தும்மல், முகம் திரும்புவது, தோல் திட்டுத் திட்டாக வெளுப்பது. இவை வந்து கொஞ்ச நேரம் கழித்துதான் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கும், நாடித்துடிப்பு 100-க்குக் கீழே போகும். மானிட்டர் அடிப்பது கடைசி மணி.

விரல் விரிந்ததுமே நிறுத்துங்கள். ஒரு உள்ளங்கையைத் தலையில் குவித்து வையுங்கள், மற்றொன்றால் மடக்கிய கால்களைப் பாதத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். தடவ வேண்டாம், ஆட்ட வேண்டாம், கை அப்படியே இருக்கட்டும். மூச்சு சீராகி விரல் சுருண்டதும் ஒரு கையை மட்டும் மெல்ல எடுங்கள். குதிகால் குத்தி ரத்தம் எடுக்கும்போதும் இதே பிடிதான்: ஒருவர் குத்த, ஒருவர் பிடிக்க. அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தப் பிடியை அம்மாவுக்கே கொடுங்கள். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் கொஞ்சம் தாய்ப்பால் வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. எல்லா வேலையையும் ஒரே தடவையில் முடித்துவிட்டால் குழந்தை தூங்கும் என்று டயபர், ரத்தம், ஸ்கேன், பிசியோ எல்லாவற்றையும் அரை மணி நேரம் அடுக்குவார்கள். 30 வாரக் குழந்தை அதைத் தாங்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியாததை அடுத்த வேளைக்குத் தள்ளுங்கள்.

கங்காரு_பை:
இவ்வளவு நேரம் பேசி இன்னும் அம்மாவின் நெஞ்சுக்கு வரவில்லையே! இந்த மாதிரிக் குழந்தைக்குக் கூட்டைவிடப் பெரிய பொசிஷனிங் கருவி அதுதான். நெஞ்சோடு நெஞ்சு, கால் தவளை மாதிரி மடங்கி, கை முகத்துக்குப் பக்கத்தில். மூட்டு மடக்கம், தொடுஉணர்வு, குரல், வாசனை, சூடு எல்லாம் ஒரே இடத்தில்.

இதற்குத்தான் கங்காரு முறை என்று பெயர். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. ‘குழந்தை நிலைப்பட்ட பிறகு கங்காரு’ என்பதுதான் வெகுகாலம் நடைமுறை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் 1 கிலோ முதல் 1.799 கிலோ வரையிலான குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே தொடங்கிப் பார்த்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. 2021-இல் வெளிவந்த முடிவு. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. சிபாப் ஒரு தடை அல்ல. பம்ப் மருந்தில் ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் குழந்தை, மூச்சு நின்றால் பேக் அமுக்கி மூச்சு கொடுக்க வேண்டிய குழந்தை, இவர்களுக்குத்தான் காத்திருப்பு.

சிபாப்போடு மாற்ற இரண்டு பேர் வேண்டும். குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள், சாய்க்கும்போது மூக்குக்குள் போய்விடும். ஒருவர் குழந்தையைச் சுருண்ட நிலையிலேயே தூக்க, மற்றவர் குழாயும் ஒயரும். அம்மா சாய்வு நாற்காலியில், நட்டுக்குத்தலாகவும் இல்லாமல் மல்லாந்தும் இல்லாமல். குழந்தைக்குக் குல்லா, டயபர், காலுறை தவிர வேறு துணி வேண்டாம். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாக நிமிர்ந்து. தாடை நெஞ்சில் குத்தினால் மூச்சு அடைக்கும், இதுதான் அதிகம் நடக்கும் தவறு. துணிக்கட்டின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே வரட்டும். குழாயை அம்மாவின் தோள்துணியில் பிளாஸ்டர் போட்டு நிறுத்துங்கள்.

மாற்றியதும் சாச்சுரேஷன் கொஞ்சம் இறங்கும். உடனே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள், பாவம் அந்த அம்மா பயந்துபோவார். பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஒரு தடவை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். சிசேரியன் ஆன அம்மா வர முடியாத நாளில் அப்பாவின் நெஞ்சும் செல்லும்.

பாலாடை:
வாய்ப் பக்கம் நான் சேர்க்கிறேன். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் 32 முதல் 34 வாரத்தில்தான் ஒன்றோடொன்று சேரும். அதற்கு முன் வாய்க்குச் செய்யக்கூடியது: சீம்பால் 0.1 மி.லி. இரண்டு கன்னத்தின் உட்புறமும், மூன்று மணிக்கு ஒருமுறை. பிறகு குழாயில் பால் போகும் நேரத்திலேயே, கறந்து வற்றவைத்த மார்பில் வாயை வைத்துச் சப்பவிடுவது. பால் வராது, ஆனால் சப்பும்போது வயிறு நிறையும் என்ற தொடர்பு பழகும். ரப்பர் காம்புக்குப் பதில் இதுதான் நம் ஊருக்குச் சரி.

விரலால் கன்னமும் ஈறும் நீவும் ஐந்து நிமிட முறை இருக்கிறது. அதையும் கற்றுக்கொண்டவர் மட்டும் செய்யட்டும். குழாய், பிளாஸ்டர், சக்ஷன் என்று வாயில் நடப்பதெல்லாம் வலிதான். நம் விரலும் அதோடு சேர்ந்தால் பின்னால் ஸ்பூனைப் பார்த்தாலே குமட்டும் குழந்தை கிடைக்கும்.

பாலாடையில் பெரும்பாலோர் ஊற்றுகிறார்கள். ஊற்றக்கூடாது. தலையும் கழுத்தும் தாங்கி, பாதி நிமிர்த்தி, துணியில் கை உள்ளே வரும்படி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாலாடை மூக்கு கீழுதட்டில் வாய் ஓரமாகத் தொட, பால் உதட்டை நனைக்கும் அளவுக்குச் சாய்த்து நிறுத்துங்கள். நாக்கு வந்து நக்கும். ஒரு மடக்கு விழுங்கி, ஒரு மூச்சு விட்ட பிறகு அடுத்த சாய்ப்பு. புருவம் ஏறுவது, கண் அகல விரிவது, மூக்கு விடைப்பது, தொண்டையில் களகள சத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் பாலாடையை எடுத்துவிடுங்கள். 20 நிமிடத்தில் முடியாத மிச்சம் குழாயில் போகட்டும். ‘முழுசாகக் குடித்தது’ என்று எழுதுவதற்காகத் திணித்த கடைசி 3 மி.லி.தான் நுரையீரலுக்குப் போகிறது. பாலாடை உறிஞ்சக் கற்றுத்தராது என்பதும் நினைவிருக்கட்டும். மார்புப் பழக்கம் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

வளர்ச்சிடாக்டர்:
பிசியோ நோட்டில் இருக்க வேண்டியவை, சுருக்கமாக. தலை ஸ்கேன் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூளையின் வெள்ளைப்பகுதியில் சேதத்தால் வரும் நீர்ப்பைகள் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், டியூ டேட்டை ஒட்டி இன்னொன்று வேண்டும். கண்: இந்தியாவில் 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. 28 வாரத்துக்கோ 1,200 கிராமுக்கோ குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. காது: ஐந்து நாளுக்கு மேல் என்ஐசியூவில் இருந்த குழந்தைக்கு உள்காதின் எதிரொலியை மட்டும் பார்க்கும் ஓஏஇ போதாது, நரம்பு வழிக் கோளாறு அதில் தப்பிவிடும். மூளைத்தண்டு பதிவைப் பார்க்கும் ஏஏபிஆர் தேவை.

எல்லாவற்றையும்விட மலிவான பரிசோதனை, செல்போன் வீடியோ. குழந்தையின் தானான அசைவுகளைப் பார்த்து எடைபோடும் பிரெக்டல் முறை மதிப்பீடு. டயபர் மட்டும், மல்லாக்க, விழித்து அழாமல் இருக்கும் நேரத்தில், மேலிருந்து மூன்று முதல் ஐந்து நிமிடம். கையில் பொம்மை இருக்கக்கூடாது, வாயில் எதுவும் இருக்கக்கூடாது, அம்மா முன்னால் நின்று கொஞ்சக்கூடாது. கொஞ்சினால் குழந்தை முகத்தைப் பார்த்து உறைந்துவிடும், வீடியோ வீண். டியூ டேட்டை ஒட்டி ஒன்று. அதில் கை, கால், உடம்பு மூன்றும் ஒரே நேரத்தில் விறைத்து ஒரே நேரத்தில் தளர்வது திரும்பத் திரும்ப வந்தால் கவலைக்குரியது. திருத்திய வயது 12 வாரத்தை ஒட்டி இன்னொன்று. அப்போது கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் சின்னச் சின்னத் துள்ளலசைவுகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் மூளைவாதத்துக்கான சாத்தியம் அதிகம். ஹைன் என்ற நரம்பியல் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் சேர்த்துப் பார்த்தால் திருத்திய வயது ஐந்து மாதத்துக்குள்ளேயே ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒன்றரை வயதுவரை ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ள வேண்டியதில்லை.

கணக்கில் தவறு நிறைய நடக்கிறது. புதுபிசியோ சொன்ன குழந்தை 11 வாரம் முந்திப் பிறந்தது. 12 வாரத் திருத்திய வயது என்றால் பிறந்து 23 வாரம். டிஸ்சார்ஜ் தாளில் ‘மூன்று மாதம் கழித்து வரவும்’ என்று எழுதாமல் தேதியையே எழுதுங்கள். தமிழ்நாட்டில் என்றால் மாவட்ட டி.இ.ஐ.சி. (குழந்தை வளர்ச்சிக் குறைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம்) பெயரும் ஓபி நாளும் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

புதுபிசியோ:
எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. இந்தக் கூடும் குப்புறப் படுக்கையும் வீட்டுக்கும் போகலாமா? பெற்றோர் அதே மாதிரி கேட்கிறார்கள்.

இரவுசிஸ்டர்:
கூடாது. குப்புறப் படுக்கை மானிட்டர் ஒட்டியிருக்கும் வரைதான். வீட்டில் மானிட்டர் கிடையாது, சுருட்டிய துண்டு மூக்கில் அடைத்தால் பார்க்க ஆள் இருக்காது. பிரச்சினை என்னவென்றால், கடைசி நாள்வரை கூட்டில் குப்புறத் தூங்கப் பழக்கிவிட்டு டிஸ்சார்ஜ் அன்று ‘மல்லாக்கப் போடுங்கள்’ என்றால் குழந்தையும் தூங்காது, அம்மாவும் நம்ப மாட்டார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் செய்வார்.

அதனால் மூச்சு நிலைப்பட்டதும், டிஸ்சார்ஜுக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போதே பிரிக்கத் தொடங்குங்கள். முதலில் பக்கச் சுருள்களை எடுத்துவிட்டுக் கால்பக்கச் சுருள் மட்டும். இரண்டு நாள் கழித்து அதுவும் போகட்டும். மெத்தை தட்டை, தலைமாடு இறக்கி, மல்லாக்க, தலை ஒரு வேளை வலம், ஒரு வேளை இடம். குப்புறக் கிடப்பது விழித்திருக்கும் நேரத்தில் அம்மாவின் நெஞ்சுமேல் மட்டும். தொட்டிலில் தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். தூளி கேட்பார்கள், கழுத்து நிற்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சு அடைக்கும் என்று ஒரு துணியை மடித்துக் காட்டியே சொல்லுங்கள், வாயால் சொன்னால் பாட்டி கேட்க மாட்டார்.